தொலைந்த நாயைத் தேடிய லண்டன்

1660-ஆம் ஆண்டின் கோடைக்காலம். பதினோரு ஆண்டுகள் மன்னரில்லாமல் இருந்த இங்கிலாந்துக்கு இரண்டாம் சார்லஸ் திரும்பி வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. 'மெர்க்கூரியஸ் பப்ளிகஸ்' என்ற லண்டன் செய்தித்தாளில் ஓர் அறிவிப்பு வெளியானது. கறுப்பு நாய் ஒன்றைக் காணவில்லை. கிரேஹவுண்டுக்கும் ஸ்பானியலுக்கும் இடைப்பட்ட உருவம். மார்பில் ஒரு கீற்றைத் தவிர உடம்பில் வேறெங்கும் வெள்ளை கிடையாது. வால் சற்றே குட்டை. நாய் மன்னருடையது. இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த நாயல்ல, எஜமானரை விட்டுத் தானாகப் போகக்கூடியதும் இல்லை, ஆகவே யாரோ திருடித்தான் இருக்க வேண்டும் என்று வாதிட்டது அந்த அறிவிப்பு. மன்னரிடமிருந்து எல்லாவற்றையும் பறித்த பிறகு ஒரு நாயைக்கூடவா அவருக்கு விட்டுவைக்கக் கூடாது என்ற ஆற்றாமையும் அதில் வெளிப்பட்டது.

நிறம், உருவம், அடையாளக் குறி, விவரம் தெரிந்தால் யாரிடம் சொல்வது. வளர்ப்பு நாய் காணாமல் போனால் இன்றும் முதலில் எழுத வேண்டியவை இவைதான். ஆனால் மன்னராலேயே அதற்கு மேல் எதுவும் செய்ய முடியவில்லை. புகார் வாங்கக் காவல்துறை இல்லை. அலைந்து திரியும் நாயைக் கொண்டுபோய் விட ஓர் இடம் இல்லை. கண்டெடுத்தவர் இதைச் செய்தாக வேண்டும் என்று சொல்லும் சட்டமும் இல்லை. இந்த மூன்றும் லண்டனுக்கு வந்துசேர இருநூற்றைம்பது ஆண்டுகள் பிடித்தன. அதுவரை அந்த வேலையைச் செய்தவர்கள் திருடர்கள்.

அவர்களுக்கு ஒரு முன்னோடி இருந்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜொனாதன் வைல்ட் என்பவன் லண்டனில் இதற்கென்றே அலுவலகம் நடத்தினான். பொருளைப் பறிகொடுத்தவர்கள் அங்கே போய் விவரம் சொல்வார்கள். சில நாளில் பொருள் கிடைத்துவிட்டதாகச் சேதி வரும். தொகையைக் கொடுத்து மீட்டுக்கொள்வார்கள். திருடியவர்களும் அவன் ஆட்களே. மீட்டுத் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்குவதை 1718-இல் ஒரு சட்டம் பெருங்குற்றம் ஆக்கியது. களவுபோன லேஸைத் திருப்பிக் கொடுக்கப் பத்துக் கினி வாங்கிய வழக்கில் 1725 மே மாதம் வைல்டைத் தூக்கிலிட்டார்கள். 'ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம்' என்று உறுதி கொடுத்துச் செய்தித்தாளில் விளம்பரம் செய்தால் 50 பவுண்டு அபராதம் என்றும் அந்த நூற்றாண்டிலேயே சட்டம் வந்தது.

இத்தனை கடுமையும் நாய் விஷயத்தில் செல்லவில்லை. ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் ஆடு, மாடு, குதிரையெல்லாம் திருடக்கூடிய சொத்து. அவற்றைத் திருடியவனுக்கு ஒரு காலத்தில் தூக்குக் கயிறு காத்திருந்தது. நாய் உணவுக்கு ஆகாது, ஒருவர் ஆசைக்கு வளர்ப்பது, ஆகவே அதை எடுத்துப் போவது பெருங்களவில் சேராது என்று சட்ட அறிஞர்கள் கருதினார்கள். 1770-இல் வந்த ஒரு சட்டம் நாய்த் திருட்டுக்கு அபராதத் தண்டனை விதித்தது. ஆனால் திருடனிடம் அபராதம் வசூலிப்பதைவிட அவனுக்கே பணம் கொடுத்து நாயை வாங்கிவிடுவது பலருக்கும் சுலபமாக இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் லண்டனில் இது நன்றாக வேரூன்றிய தொழில். தெருவோர மக்களின் பிழைப்பை நேரில் கேட்டு எழுதிய ஹென்றி மேஹ்யூ, நாய் பிடிப்பவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு பகுதி எழுதியிருக்கிறார். பதப்படுத்திய ஈரல் துண்டைக் காட்டியும், பருவத்துக்கு வந்த பெட்டை நாயைக் காட்டியும் இழுத்துப் போவார்களாம். சில நாள் பொறுத்து, 'நாய் இருக்குமிடம் தெரிந்த' ஒருவன் வீட்டு வாசலுக்கு வருவான். பேரம் தொடங்கும். பாண்ட் தெருவில் துப்பாக்கி வியாபாரம் செய்த பிஷப் என்பவர் இந்தக் கொள்ளையைத் தடுக்க வேண்டுமென்று ஊக்கமாக முயன்றார். அவர் திரட்டிய பட்டியலில் ஏறத்தாழ 150 பேர் சேர்ந்து நாய்களை மீட்கக் கொடுத்த தொகை ஆயிரம் பவுண்டை நெருங்கியது. வேலைக்காரப் பெண்ணின் ஆண்டுச் சம்பளம் பத்துப் பதினைந்து பவுண்டாக இருந்த காலம் அது.

தமிழ்நாட்டுக்கும் இந்த முறை அந்நியமானதல்ல. மதுரைச் சீமையிலும் தெற்கத்தி மாவட்டங்களிலும் உழவு மாடு களவுபோனால் உடையவர் துப்புக்கூலி கொடுத்து மீட்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது. இடையாள் ஒருவர் தொகையைப் பேசி முடிப்பார். பணம் கைமாறிய பிறகு ஊருக்கு வெளியே சொன்ன இடத்தில் மாடு கட்டிக் கிடக்கும். களவுபோன பொருளை மீட்டுத் தருவதாகச் சொல்லிப் பணம் பெறுவதைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 215-ஆம் பிரிவு இப்படிப்பட்ட பேரங்களை நேராகத் தொட்டது. அந்தச் சட்டம் இயற்றப்பட்ட ஆண்டு 1860. மதுரை உழவருக்கு மாடு போனால் விதைப்பே நின்றுவிடும். லண்டன் சீமாட்டிக்கு அப்படி எதுவும் நின்றுவிடாது. ஆனாலும் இரண்டு பேரும் திருடனையே தேடிப் போய்ப் பணம் கட்டினார்கள், ஏனென்றால் போவதற்கு வேறு இடம் இல்லை.

அந்தப் பேரத்தின் உள்ளும் புறமும் நமக்கு இன்று தெளிவாகத் தெரிவதற்கு ஒரு கவிஞரின் கடிதங்கள் காரணம். எலிசபெத் பேரட் நெடுநாள் நோயாளி. விம்போல் தெரு 50-ஆம் எண் வீட்டின் அறையைவிட்டு அதிகம் வெளியே வராதவர். எழுத்தாளர் மேரி ரஸ்ஸல் மிட்ஃபோர்டு கொடுத்த ஃப்ளஷ் என்ற ஸ்பானியல் நாய்தான் அந்த அறையில் அவருக்குத் துணை. அதை மூன்று முறை திருடினார்கள். மூன்றாவது முறை 1846 செப்டம்பர் 1 அன்று. வியர் தெருவில் கடைக்குப் போய்விட்டு வண்டியில் ஏறும் நேரத்தில், காலடியில் நின்ற நாயைக் காணவில்லை.

திருட்டுக் கூட்டத்தின் தலைவன் டெய்லர் என்பவன். வீடு தேடி வந்து பேரம் பேசினான். எலிசபெத்தின் தந்தை ஒரு காசும் கொடுக்கக் கூடாது என்றார். காதலர் ராபர்ட் பிரௌனிங்கும் கடிதத்தில் அதையே சொன்னார்: இப்படிப்பட்ட அயோக்கியர்களுக்குப் பணம் கொடுத்தால் அடுத்தவர் வீட்டு நாய்க்கும் நாமே ஆபத்தைத் தேடிக் கொடுக்கிறோம். எலிசபெத் திருப்பிக் கேட்டார்: இத்தாலியில் கொள்ளையர்கள் என்னைப் பிடித்துக்கொண்டு போய்ப் பணம் கேட்டால் அப்போதும் இதே கொள்கையைத்தான் சொல்வீர்களா? பேரம் முறிந்தால் நாயின் தலை பொட்டலத்தில் வரும் என்ற அச்சம் லண்டன் வீடுகளில் இருந்தது, அவருக்கும் இருந்தது. மாடிப்படி இறங்கவே யோசிக்கும் அந்தப் பெண் பணிப்பெண் வில்சனை அழைத்துக்கொண்டு வாடகை வண்டியில் ஷோர்டிச்சின் குடிசைச் சந்துகளுக்குப் போனார். டெய்லர் வீட்டில் இல்லை, அவன் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தார். மேலும் கொஞ்சம் இழுபறிக்குப் பின் ஆறு கினி கொடுத்து ஃப்ளஷ் மீட்கப்பட்டது. அதே செப்டம்பர் 12 அன்று எலிசபெத் தந்தைக்குத் தெரியாமல் பிரௌனிங்கை மணந்தார். ஒரு வாரம் கழித்து இருவரும் இத்தாலிக்குப் புறப்பட்டார்கள். ஃப்ளஷும் உடன் போனது. வர்ஜீனியா வுல்ஃப் 1933-இல் அந்த நாயின் வாழ்க்கையையே 'ஃப்ளஷ்' என்ற புத்தகமாக எழுதினார்.

பிரௌனிங் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் நாயை உயிரோடு பார்க்க வேறு வழி எதையும் லண்டன் எலிசபெத்துக்கு விட்டுவைத்திருக்கவில்லை. இத்தனைக்கும் அதற்கு முந்தைய ஆண்டுதான் சட்டம் திருத்தப்பட்டிருந்தது. 1844-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று நாய்த் திருட்டை விசாரித்தது. 1845-இல் வந்த சட்டம் முதல் தடவை திருடியவனுக்கு ஆறு மாதம் வரை சிறை, மறுபடி திருடினால் பதினெட்டு மாதம் வரை என்றது. மீட்டுத் தருவதற்குக் கள்ளத்தனமாகப் பணம் வாங்குவதும் குற்றமானது. ஃப்ளஷ் திருடப்பட்ட கதை அந்தச் சட்டத்தின் பலவீனத்தைக் காட்டுகிறது. தண்டனை மட்டும் இருந்து, நாயைத் தேடிப் போக ஓர் இடம் இல்லாவிட்டால், உடையவர் புகார் கொடுக்கமாட்டார். புகார் இல்லாத இடத்தில் தண்டனையும் இல்லை.

அந்த இடத்தை உருவாக்கியவர் ஒரு பெண்.

மேரி டீல்பி 1801-இல் பிறந்தவர். கணவரைப் பிரிந்து, பாதிரியாரான தம் சகோதரரோடு வடக்கு லண்டனின் இஸ்லிங்டனில் வாழ்ந்தார். சாரா மேஜர் என்ற தோழியின் சமையலறையில், தெருவில் பசியால் சாகக் கிடந்த ஒரு நாயை வைத்துப் பார்த்துக்கொண்டார். அது பிழைக்கவில்லை. அதன் பிறகு மற்ற நாய்களும் வந்தன, சமையலறை போதவில்லை. 1860 அக்டோபரில் ஹாலோவே பகுதியில் ஒரு குதிரை லாயத்தின் முற்றத்தில் 'தொலைந்த, பட்டினியால் வாடும் நாய்களுக்கான தற்காலிக இல்லம்' தொடங்கியது. அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது வயது. சொல்லிக்கொள்ளும்படியான செல்வமோ செல்வாக்கோ இல்லாதவர். அதே மாதம் 'தி டைம்ஸ்' தலையங்கத்தில், இவர்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று கேட்கும் அளவுக்குக் கேலி செய்தது. தெருவில் குழந்தைகள் பட்டினி கிடக்கும் நகரத்தில் நாய்க்கு விடுதியா என்ற கேள்வி அன்று பலர் வாயிலும் இருந்தது. கேள்வியில் உண்மை இருந்தாலும், அதைக் கேட்டவர்கள் எல்லாரும் குழந்தைகளுக்குச் சோறு போட்டுவிடவில்லை.

இல்லத்தின் விதிகளில் ஒன்று கவனிக்கத்தக்கது. நாயைக் கொண்டுவந்து விடுபவருக்கு எந்தச் சன்மானமும் கிடையாது. காரணத்தையும் சேர்த்தே சொன்னார்கள்: நாய்த் திருட்டைத் தடுக்க. உடையவர் தேடி வந்தால் அதுவரை ஆன தீனிச் செலவை மட்டும் செலுத்தி அழைத்துப் போகலாம். முன்பு ஆறு கினி கேட்டு வந்தவன் நின்ற இடத்தில் இப்போது சில ஷில்லிங் கணக்கெழுதும் ஒரு முற்றம். நூற்றைம்பது ஆண்டுகளாகச் சட்டப் புத்தகங்கள் செய்ய முடியாததை இந்த ஒற்றை விதி செய்யத் தொடங்கியது என்று தயங்காமல் சொல்லலாம். நாடாளுமன்றம் திருடனை எப்படித் தண்டிப்பது என்று யோசித்தது. டீல்பி, நாயைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் நல்ல மனிதர் எங்கே போவார் என்று யோசித்தார்.

1862-இல் இஸ்லிங்டனில் பெரிய நாய்க் கண்காட்சி நடந்தது. சார்லஸ் டிக்கன்ஸ் ஆசிரியராக இருந்த 'ஆல் த இயர் ரவுண்ட்' வார இதழ் அந்தக் கண்காட்சியையும், அதற்கு அருகே ஹாலோவேயில் இருந்த இல்லத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டது. பரிசு வாங்கும் உயர்சாதி நாய்கள் ஓரிடத்தில், யாரும் வேண்டாத நாய்கள் இன்னோரிடத்தில். கேலி செய்துகொண்டிருந்த ஊர் கொஞ்சம் நின்று பார்க்க அந்தக் கட்டுரை உதவியது. டீல்பிக்கு அந்த வளர்ச்சியைப் பார்க்க நெடுநாள் இல்லை. 1865-இல் புற்றுநோயில் இறந்தார். குரைப்புச் சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, 1871-இல் இல்லம் தேம்ஸின் தென்கரையில் ரயில் பாதைகளுக்கு நடுவே இருந்த பேட்டர்ஸீக்கு இடம் மாறியது. இன்றும் அங்கேயே இருக்கிறது. 1883 முதல் பூனைகளையும் ஏற்றது. 1885-இல் விக்டோரியா அரசி அதன் புரவலரானார்.

இதற்குள் அரசும் உள்ளே வந்துவிட்டது. 1867-இல் வந்த லண்டன் தெருக்கள் சட்டம், கட்டுப்பாடில்லாமல் திரியும் நாயைப் பிடித்து வைக்கப் போலீசாருக்கு அதிகாரம் கொடுத்தது. மூன்று நாளுக்குள் யாரும் வராவிட்டால் விற்கலாம், அல்லது கொல்லலாம். போலீஸ் பிடித்த நாய்கள் இல்லத்துக்கு வந்தன. லண்டனில் நாயைக் காணோம் என்றால் 'பேட்டர்ஸீயில் போய்ப் பார்' என்று சொல்வது வழக்கமானது.

அந்த வழக்கத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தேடி யாரும் வராத நாய்களே அதிகம். 1880-களில் வெறிநாய்க்கடி நோய் பரவி, தெருவில் வாய்ப்பூட்டு இல்லாத நாய்களைப் பிடிக்க உத்தரவுகள் வந்தபோது ஆயிரக்கணக்கான நாய்கள் வந்து குவிந்தன. மருத்துவர் பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன் வடிவமைத்த நச்சுவாயு அறை 1884-இல் அங்கே நிறுவப்பட்டது. அதற்கு முந்தைய முறைகளைவிட வலி குறைந்த சாவு என்பதற்காகவே அதை விரும்பி ஏற்றார்கள். காப்பாற்றத் தொடங்கிய இடமே கொல்லும் வேலையையும் சுமந்தது. 1890-களின் பிற்பகுதியில் வேளாண் வாரியத் தலைவர் வால்டர் லாங் வாய்ப்பூட்டு விதியைக் கண்டிப்போடு அமல்படுத்தினார், நாய்ப் பிரியர்களின் கடுங்கோபத்துக்கும் ஆளானார். 1902-இல் பிரிட்டன் வெறிநோயிலிருந்து விடுபட்டது. தொலைந்த நாயைப் பார்த்தால் பயப்படாமல் கிட்டே போய்க் கழுத்துப் பட்டையைப் படிக்கலாம் என்ற நிலை அதன் பிறகே வந்தது. நாய்க்கடிக்கு ஊசி போட்டுக்கொள்ள வரிசையில் நிற்கும் தமிழக வாசகர்களுக்கு அந்த மாற்றத்தின் அளவு எளிதில் புரியும்.

கண்டெடுத்தவரின் கடமை கடைசியாகத்தான் சட்டமானது. 1906-இல் வந்த நாய்கள் சட்டத்தின்படி, வழிதவறிய நாயைத் தம்மிடம் வைத்திருப்பவர் உடனே அதை உடையவரிடம் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். நாயின் அங்க அடையாளமும் அது கிடைத்த இடமும் அதில் இருக்க வேண்டும். போலீஸ் பிடித்த நாய்க்குப் பட்டையில் முகவரி இருந்தால் உடையவருக்கு அறிவிப்பு அனுப்பி ஏழு நாள் காத்திருக்க வேண்டும். பிடித்த நாய்களுக்கு ஒரு பதிவேடு, அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 1928-இல் செய்த திருத்தம் இன்னொன்றையும் சேர்த்தது: கண்டெடுத்த நாயைத் தாமே வளர்க்க விரும்புபவர் குறைந்தது ஒரு மாதமாவது அதை வைத்துக் காக்க வேண்டும்.

1906 சட்டத்தில் இன்னும் ஒரு விதி இருந்தது. பிடிபட்ட நாயை உயிருடன் அறுத்துச் செய்யும் ஆய்வுகளுக்குக் கொடுக்கவோ விற்கவோ கூடாது. அந்த ஆய்வுகளைச் சுற்றி அப்போது ஒரு பெருஞ்சண்டை நடந்துகொண்டிருந்தது. 1903-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி வகுப்பறையில் ஒரு பழுப்பு நிற டெரியர் நாயை அறுத்துப் பாடம் நடத்தியதைப் பார்த்த இரண்டு ஸ்வீடிஷ் பெண்கள் அதை வெளியே சொன்னார்கள், விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 1906 செப்டம்பரில் பேட்டர்ஸீயில் அந்த நாய்க்குச் சிலையும் வைத்தார்கள். மருத்துவ மாணவர்கள் சிலையை உடைக்க வந்தார்கள், தெருச்சண்டைகள் நடந்தன. 1910-இல் நகரசபை சிலையை இரவோடிரவாக அகற்றியது. தொலைந்த நாய் ஆய்வுக்கூட மேசைக்குப் போய்விடும் என்ற அச்சம் இருக்கும்வரை யாரும் நாயை அதிகாரிகளிடம் நம்பி ஒப்படைக்கமாட்டார்கள். இந்தத் தடை இல்லாமல் மற்ற விதிகள் உயிர் பெற்றிருக்க முடியாது.

1930-இல் வந்த உத்தரவு, பொது வீதிக்கு வரும் நாயின் பட்டையில் உடையவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்றது. அந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லியது என்பதை 1939 காட்டியது. போர் தொடங்கிய முதல் வாரத்தில் குண்டுவீச்சுக்கும் உணவுப் பஞ்சத்துக்கும் அஞ்சிய லண்டன் மக்கள் தங்கள் நாய் பூனைகளைக் கொல்லக் கொடுத்தார்கள். நான்கு லட்சம் என்று வரலாற்றாளர் ஹில்டா கீன் கணக்கிடுகிறார். எந்த உத்தரவும் கட்டாயப்படுத்தவில்லை, அரசின் ஆலோசனைத் துண்டறிக்கை ஒன்று அப்படி ஒரு வழியைச் சொல்லியிருந்தது. பேட்டர்ஸீ இல்லம் அவசரப்பட வேண்டாம் என்று மன்றாடியது. அதே சமயம் தொண்டர்கள் தெருத்தெருவாகப் பிராணிகளைப் பதிவுசெய்து எண் பொறித்த வில்லைகளைக் கொடுத்தார்கள். வீடு இடிந்து நாய் ஓடிவிட்டால் எண்ணை வைத்து உடையவரைக் கண்டுபிடிக்கலாம். பேட்டர்ஸீயில் ஊழியர்கள் நாலே பேர். போர் முடிவதற்குள் 1,45,000 நாய்களைப் பார்த்துக்கொண்டதாக இல்லத்தின் கணக்கு சொல்கிறது.

எண்ணை வைத்து உடையவரைத் தேடும் அந்த முறை இப்போது தோலுக்கு அடியில் போய்விட்டது. அரிசி மணி அளவே உள்ள மைக்ரோசிப்பில் பதினைந்து இலக்க எண் இருக்கும். 2016 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் எல்லா நாய்களுக்கும் அது கட்டாயம். நாய் எங்கே இருக்கிறது என்று சிப் தானாகச் சொல்லாது. கால்நடை மருத்துவமனையிலோ உள்ளாட்சி நாய்க் காவலரிடமோ ஸ்கேன் செய்தால் எண் தெரியும், எண்ணைக்கொண்டு பதிவைத் தேட வேண்டும். பதிவுகள் ஓரிடத்தில் இல்லை, பல நிறுவனங்களிடம் சிதறிக் கிடக்கின்றன. வீடு மாறியவர் புதிய தொலைபேசி எண்ணைப் பதியாவிட்டால் எல்லாம் வீண். போலீசிடமிருந்த பொறுப்பு 2008-இல் உள்ளாட்சிகளுக்குக் கைமாறியது. இப்போதும் அவர்கள் ஏழு நாள்தான் வைத்திருப்பார்கள். அதன் பிறகு அவர்களிடமிருந்து நல்லெண்ணத்தோடு நாயை வாங்கியவருக்கே அது சொந்தம். அதனால்தான் நாய் காணாமல் போன அன்றே உள்ளாட்சி அலுவலகத்துக்கும் சிப் பதிவு நிறுவனத்துக்கும் அக்கம்பக்கத்து மருத்துவமனைகளுக்கும் சொல்லிவிட வேண்டும் என்று அங்கே வற்புறுத்துகிறார்கள்.

2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த வளர்ப்புப் பிராணி கடத்தல் சட்டத்தில், நாயையோ பூனையையோ கடத்துவது தனிக் குற்றம். இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை. அதற்குச் சில வாரம் முன்னதாக, ஜூன் 10 அன்று, பூனைகளுக்கும் இங்கிலாந்தில் சிப் கட்டாயமானது. ஆனால் வழிதவறிய நாயைப் பிடித்து வைக்கும் கடமை உள்ளாட்சிகளுக்கு இருப்பதைப் போல, பூனைக்கு எந்த அமைப்புக்கும் இல்லை. பேட்டர்ஸீயும் மற்றக் காப்பகங்களும் நன்கொடையை நம்பித் தாமாக ஏற்றுக்கொண்ட வேலையாகவே அதை இன்றும் செய்துவருகின்றன.